ஒன்பதாவது வரிசை

ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம், நான் எழுதி வைத்திருந்த பழைய புரோகிராம்களை ஹரிணி என்ற பெண்ணிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். முப்பது வரியில் நான் எழுதியிருந்த ஒரு வேலையை அவள் ஒரே வரியில் முடித்துக் காட்டினாள். காட்டிவிட்டு, வயதானவர்களைப் பார்க்கிற அந்தக் கனிவான பார்வை ஒன்றும் பார்த்தாள். நான் அடித்த முப்பது வரிக்கும் சேர்த்து அது ஒன்றே போதும்.

வேலை பெரிய வேலை இல்லை. எண்கள் கட்டம் கட்டமாக நிற்கிற ஒரு மேட்ரிக்ஸ். அதன் ஒவ்வொரு வரிசையையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் அதே வரிசையின் எல்லா எண்களையும் வகுக்க வேண்டும். வகுத்தபின் எந்த வரிசையைக் கூட்டினாலும் ஒன்று வரும். நார்மலைஸ் பண்ணுவது என்போம். எண்ணிக்கை போய் விகிதம் வந்துவிடும். நாலு பேர் இருக்கிற வரிசையும் நானூறு பேர் இருக்கிற வரிசையும் பக்கத்துப் பக்கத்தில் சம உயரத்தில் நிற்கும்.

ஹரிணிக்குப் புரியாதது ஒன்றுதான். ஒரு வரிசையின் கூட்டுத்தொகை பூஜ்யமாக இருந்தால் என் புரோகிராம் அங்கேயே நின்றுகொண்டு, திரையில் ஒரு கேள்வி கேட்கும். "இந்த வரிசை யார்?" பதில் டைப் அடித்தால்தான் மேலே போகும். "இதத் தூக்கிரலாங்களா சார்? இப்பல்லாம் ஜீரோ வந்தா அதுவே பாத்துக்குமுங்க" என்றாள். நான் ஏதோ கேலி பேசிச் சமாளித்தேன். டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்கிற கதையாக அது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் முதல் பாதி. பீளமேட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். கீழே சைக்கிள் கடை, மேலே நாங்கள். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஏ.சி. அந்த ஏ.சி. மெஷின்களுக்காக வாங்கியது, ஆட்கள் அதில் ஒண்டிக்கொண்டோம். மில்களுக்கும் பவுண்டரிகளுக்கும் கணக்கு வேலைகளை நாங்கள் செய்து கொடுப்போம். பி.எஸ்ஸி. கணக்கும் ஆறு மாத கோர்ஸும் முடித்துவிட்டு நான் அங்கே சேர்ந்தேன். அந்த ஆறு மாதத்தில் நான் கற்றது ஃபோர்ட்ரான் மொழியும், பக்கத்து மெஷின்காரர் எழுதியதைத் திரும்பிப் பார்க்காமலே படிக்கிற வித்தையும்.

சென்டரை நடத்தியவர் நாகரத்தினம் மேடம். கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வேலையை விட்டு வந்தவர். ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். எங்களைப் போன்ற பொடியன்களையும் "ங்க" போட்டுத்தான் பேசுவார். நாம் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் தப்பு என்று சொல்ல மாட்டார், சரி என்றும் சொல்ல மாட்டார். ஏதாவது ஒரு வரிசையின் மேல் பென்சிலை வைத்து, "இந்த வரிசை யாருங்க?" என்பார். அது ஒரு நூலா, ஒரு மோட்டாரா, ஓர் ஊரா என்று நாம் சொல்லியாக வேண்டும். சொன்னபிறகு மூன்று வரிசையைத் தானே பொறுக்கி, பேப்பரின் பின்பக்கம் கையால் வகுத்துப் பார்ப்பார். கம்ப்யூட்டர் இரண்டு நொடியில் போட்டதை இருபது நிமிடம் போடுவார். அந்த இருபது நிமிடமும் நாம் பக்கத்தில் நிற்க வேண்டும். உட்காரச் சொல்ல மறந்துவிடுவார் என்று நினைத்தேன். மறக்கவில்லை என்று பிற்பாடு புரிந்தது.

அவருடைய இன்னொரு பழக்கம், வகுத்து முடித்தாலும் கூட்டுத்தொகையைக் கடைசிப் பத்தியாக வரிசையின் ஓரத்தில் அடித்தே தீர வேண்டும் என்பது. வேலை முடிந்த பிறகும் எதற்கு அந்த வால் என்று எனக்குத் தோன்றும்.

சேர்ந்த கொஞ்ச நாளில் எனக்கு வந்த பெரிய வேலை ஒரு பஸ் கம்பெனியுடையது. கோயமுத்தூரிலிருந்து கிணத்துக்கடவு, பொள்ளாச்சி வழியாக உடுமலைப்பேட்டைக்கு ஓடும் தனியார் பஸ்கள். முதலாளியை எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிடுவார்கள். அவர் காலையில் ஓடும் ஒரு பஸ்ஸை விரைவு பஸ்ஸாக மாற்ற நினைத்தார். அடுத்த ஊரில் இறங்குகிறவர்களுக்கு வேறு பஸ் இருக்கிறது; பெரிய ஊர்களுக்குப் போகிறவர்கள் எங்கே ஏறுகிறார்களோ அந்த நிறுத்தங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம் என்பது யோசனை. எதை வைப்பது, எதை விடுவது என்று கம்ப்யூட்டர் சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள் என்றும் கணக்குப் போட்டிருந்தார்.

மேட்ரிக்ஸ் ரொம்பச் சுலபம். உடுமலையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் மொத்தம் பதினாலு நிறுத்தம். ஏறுகிற இடம் வரிசை, இறங்குகிற இடம் பத்தி. கிணத்துக்கடவு வரிசையில் பொள்ளாச்சிப் பத்தியில் முப்பது என்றிருந்தால், அங்கே ஏறி இங்கே இறங்கியவர் முப்பது பேர். வரிசையை வகுத்துவிட்டால் ஏறியவர்களில் எத்தனை பங்கு பெரிய ஊருக்குப் போகிறது என்று தெரிந்துவிடும்.

ஒருநாள் முழுக்க நாங்களே நிறுத்தங்களில் நின்று, ஏறுகிறவர்களிடம் போகிற இடத்தைக் கேட்டு எண்ணினோம். கிணத்துக்கடவுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் ஒரு மில் கேட். அதைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் கோயமுத்தூர்ப் பக்கம் வந்தால் ஒரு தென்னந்தோப்பு நிறுத்தம். சாலை நேராக இருந்ததால் ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியும். அதனால் இரண்டையும் ஒரே ஆளிடம் விட்டார்கள். அந்த ஆள் நான்.

காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். மில் கேட் சாத்தியிருந்தது. இன்றைக்கு மில் லீவு என்றார் வாட்ச்மேன். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கக்கூட நான் முயலவில்லை. எண்ணிக்கை எழுதுகிற பாரத்தில் மணிக்கு ஒரு கட்டம். ஒன்பது மணிக்குள் சாயங்காலம் வரைக்கும் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யத்தைப் போட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் துண்டை விரித்தேன். எதிர்காலத்தை இவ்வளவு சரியாகக் கணித்தவன் அன்றைக்குக் கோவை வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். உண்மையிலேயே யாரும் வரவில்லை. தோப்பிலும் யாரும் ஏறவில்லை. சாயங்காலம் பொழுதோடு தோப்புவரை நடந்து போய், ஓர் இளநீர் குடித்துவிட்டு, அங்கே வந்த பஸ்ஸில் ஏறி உடுமலைக்கு டிக்கெட் எடுத்தேன். அக்கா வீடு உடுமலையில். அன்றைக்கு அங்கே கோழிக் குழம்பு. வேலையில் நேர்மை வேண்டும் என்பதால், தோப்பு வரிசையில் உடுமலைக்கு நேராக ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து எல்லாருடைய பாரங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, வகுத்து, முதல் பிரிண்டை மேடத்திடம் நீட்டினேன். பேப்பர் முழுக்கப் பூஜ்யம். ஃபோர்ட்ரானில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னத்தை வெட்டி எறிந்துவிடும். பன்னிரண்டு பேரில் மூன்று பேர் என்றால் கால் பங்கு. அதற்குக் கால் தெரியாது, பூஜ்யம்தான். மேடம் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பஸ்ல ஏறினவங்க யாருமே எறங்கலீங்களா?" என்றார்.

திருத்தினேன். இரண்டாவது பிரிண்டில் வேறு கூத்து. ஒரு கட்டத்தை வகுத்ததும் அந்த வரிசையின் கூட்டுத்தொகை மாறிவிடுமே. மாறிய தொகையை மறுபடி கூட்டி அடுத்த கட்டத்தை வகுத்திருந்தேன். மேடம் ஒரு வரிசையைக் கையால் போட்டுப் பார்த்து, பன்னிரண்டு பேர் ஏறி இருபது பேர் இறங்குகிறார்கள் என்றார். வழியில் பிரசவம் ஆகியிருக்கும் என்றேன் நான். சென்டரே சிரித்தது. மேடமும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக எத்தனை தப்பும் செய்யலாம் போலிருந்தது.

மூன்றாவது தடவை ஒன்பதாவது வரிசையில் புரோகிராம் நின்றே போய்விட்டது. மில் கேட் வரிசை. எல்லாம் பூஜ்யம், கூட்டுத்தொகையும் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று மெஷின் சண்டித்தனம் செய்தது. நான் ஒரு வரி சேர்த்தேன். கூட்டுத்தொகை பூஜ்யம் என்றால் அதை ஒன்று என்று வைத்துக்கொள். பூஜ்யத்தை ஒன்றால் வகுத்தால் பூஜ்யம். மெஷின் சத்தமில்லாமல் பத்தாவது வரிசைக்குப் போனது. என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

பிரிண்ட் எடுக்கும்போது இன்னொரு தொல்லை. எங்கள் பிரிண்டரில் ஒரு வரிக்கு எண்பது எழுத்து. நிறுத்தத்தின் பேருக்கு எட்டு, பதினாலு எண்ணுக்கு ஐந்தைந்தாக எழுபது. எழுபத்தெட்டு. மேடத்தின் கூட்டுத்தொகைப் பத்திக்கு இன்னும் ஐந்து வேண்டும். மூன்று எழுத்து இடம் பத்தவில்லை. சின்ன எழுத்தில் அடித்தால் ரிப்பன் மங்கலுக்கு அண்ணனால் படிக்க முடியாது. கூட்டுத்தொகையைத்தான் வகுத்தாகிவிட்டதே என்று வாலை வெட்டிவிட்டேன்.

அன்றைக்கு மேடம் பென்சிலோடு உட்கார்ந்தார். பத்தாவது வரிசையில் வைத்தார். தோப்பு. உடுமலைக்கு நேராக 1.00. பதினாலு நிறுத்தத்திலும் அதுதான் பெரிய எண். "இந்த வரிசை யாருங்க? அத்தனை பேருமா உடுமலைக்குப் போறாங்க?" என்றார். சந்தைக்குப் போகிற தேங்காய் வியாபாரிகளாக இருக்கும் என்று வாய் கூசாமல் சொன்னேன். அந்த ஒன்று நானும் என் கோழிக் குழம்பும்தான் என்பது சத்தியமாக அப்போது நினைவுக்கு வரவில்லை.

பென்சில் ஒரு வரிசை மேலே ஏறியது. "இது யாருங்க?"

"யாருமே இல்லீங்க மேடம்."

"யாருமே இல்லாத எடத்துல எதுக்குங்க பஸ் ஸ்டாப் வெச்சிருக்காங்க?"

இதைத்தான் நான் எழுத வந்தது. அந்த நொடி சாத்தியிருந்த மில் கேட் என் கண்ணுக்குள் லேசாக வந்து போனது. வாட்ச்மேனின் முகம்கூட வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வாயில் வேறொன்று வந்துவிட்டது. "கண்டக்டர் டீ குடிக்கறதுக்குங்க மேடம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். மறுபடி கண்ணாடி போட்டபோது பென்சில் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. வாலும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. அவர் பிடித்து இழுப்பதற்கு அந்தப் பேப்பரில் ஒன்றுமே நான் விட்டுவைக்கவில்லை. ஒரு மேட்ரிக்ஸைச் சிரிப்பு காட்டி வெளியே அனுப்பினேன்.

ரிப்போர்ட் போனது. கம்ப்யூட்டர் சொன்னபடி மில் கேட் நிறுத்தத்தை எடுத்தார்கள். தோப்பு நிறுத்தத்தில் பெயிண்ட் அடித்த போர்டு நட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு முற்பகல், சென்டருக்கு இரண்டு பேர் மாடியேறி வந்தார்கள். ஒருவர் அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் காதர் பாய். கோட்டைமேட்டுக்காரர், அன்றைக்கு அவருக்கு ஓய்வு நாள். கூட வந்தவர் மயிலாத்தாள் என்ற அம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். படி ஏறிவந்த மூச்சு அடங்காமல், ஒரு காலை நீட்டியே உட்கார்ந்தார். மேடம் தண்ணீர் கொடுத்துவிட்டு என்ன விஷயம் என்றார்.

காதர் பாய் என்னைப் பார்த்ததும் விஷயத்தை விட்டுவிட்டார். "ஏனுங்க தம்பி, நீங்க அன்னிக்குப் பொழுதோட தோப்புல ஏறி உடுமலைக்கு டிக்கெட் எடுத்தவருதானுங்களே?"

ஆமாம் என்றேன்.

"அங்க நான் ஏத்துன ஒரே ஆளு நீங்கதானுங்க. இப்பத் தெனமும் அங்க பஸ்ஸ நிறுத்தி ரைட் சொல்றேன். தென்ன மரந்தான் நிக்குது. அதுக்கு அரை டிக்கெட் போடறதா, முழு டிக்கெட் போடறதான்னு தெரியல."

யாரும் சிரிக்கவில்லை. மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. மயிலாத்தாளிடம், "நீங்க சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். மில்லில் அவர் பதிலி. அதாவது நிரந்தரம் கிடையாது. காலையில் கேட்டுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். ஏழு மணி ஷிப்டுக்கு ஆறு ஐம்பதுக்கு மேஸ்திரி பட்டியலைப் படிப்பார். பேர் படிக்கும்போது இருந்தால் வேலை, இல்லையென்றால் அடுத்தவருக்கு. பொள்ளாச்சியிலிருந்து பெண்கள் அத்தனை பேரும் வருவது காதர் பாயின் பஸ்ஸில்தான். அந்த நேரத்துக்கு வேறு பஸ் இல்லை. முன்பெல்லாம் கேட்டிலேயே இறங்குவார்கள். இப்போது பஸ் அவர்கள் கண் முன்னால் கேட்டைத் தாண்டிப் போய்த் தோப்பில் நிற்கிறது. அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் திரும்பி ஓடி வர வேண்டும். சின்னப் பெண்கள் ஓடிப் பிடித்துவிடுகிறார்கள். இவருக்கு முட்டி வலி.

"இந்த மாசக் கடைசிக்குள்ள இன்னும் ஒம்பது நாளு வேலை போட்டா, நெரந்தரத்துல என்ற பேரு ஏறுமுங்க. அதுவரைக்கும் மில்லு ஓடறதே ஒம்பது நாளுதானுங்க. ஒரு நாளு உட்டாலும் போச்சு, மறுபடி மொதல்ல இருந்து. இன்னிக்குச் செவ்வாக்கெழம, மில்லு லீவு. அதனாலதான் பாய கூட்டிக்கிட்டு வந்தேன்."

செவ்வாய்க்கிழமை. கரண்ட் பற்றாக்குறைக்காக மில்லுக்கு மில் வெவ்வேறு நாளில் வார லீவு விட்ட காலம் அது. நான் எழுந்து போய் அலமாரியில் என் பாரத்தைத் தேடி எடுத்தேன். மேல் ஓரத்தில் என் கையெழுத்திலேயே கிழமை எழுதியிருந்தது. செவ்வாய். கீழே வரிசையாக முட்டைகள். கொண்டுவந்து மேடத்தின் மேஜையில் வைத்தேன். அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"கேட்டு சாத்தியிருந்துச்சுங்களா?"

"ஆமாங்க மேடம்."

"அன்னிக்கே தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துத் தப்பித்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும் போல. பேப்பரை எடுக்கச் சொன்னார். பழைய பிரிண்டின் வலது ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைப் பசை போட்டு ஒட்டி, பதினாலு வரிசைக்கும் கூட்டுத்தொகையை என் கையாலேயே எழுதச் சொன்னார். கிணத்துக்கடவு, பொள்ளாச்சிக்கு நூற்றுக்கணக்கில் எழுதினேன். தோப்புக்கு ஒன்று. மில் கேட்டுக்குப் பூஜ்யம் எழுதப் போனபோது, "அது பூஜ்யமில்லீங்க" என்றார். "எண்ணலைன்னு எழுதுங்க." எழுதினேன். அவரும் ஒன்று சொன்னார், மயிலாத்தாளைப் பார்த்து. "நானும் அதப் பாத்தேனுங்க. சிரிச்சுப்போட்டு உட்டுட்டேன்."

சாயங்காலம் நாலு பேருமாக உக்கடத்தில் இருந்த பஸ் ஷெட்டுக்குப் போனோம். அண்ணன் பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். நேர அட்டவணை அச்சடித்தாகிவிட்டது, எல்லாரிடமும் கம்ப்யூட்டர் சொன்னது என்று சொல்லியாகிவிட்டது. "ஏனுங்க மேடம், கம்ப்யூட்டர்ல தப்பு வருங்களா?" என்றார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். பதிலை எனக்கு விட்டு வைத்திருந்தார். நான் தேடிப் பார்த்தேன்; ஒரு ஜோக்கும் அகப்படவில்லை.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணலீங்கண்ணா. மில்லு லீவு நாள்ல போய் எண்ணுனேன். தெரிஞ்சும் சொல்லல. மரத்தடியில படுத்துத் தூங்கிப்போட்டேன்."

அண்ணன் பேப்பரில் விரலை வைத்தார். "இந்தத் தோப்புல ஒன்னுன்னு போட்டிருந்துச்சே. அதப் பாத்துத்தான் போர்டே நட்டேன். இது யாரு?"

"நான்தானுங்க."

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். இரண்டு வாரமாகத் தினமும் ஒரு பஸ்ஸை நிறுத்துகிற அளவுக்கு இவனிடம் என்ன இருக்கிறது என்று தேடுகிற பார்வை. காதர் பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

"ஒருக்காப் பேப்பர நம்பிக் கெட்டாச்சு. இனி வாயில சொல்லி மாத்த மாட்டேனுங்க" என்றார் அண்ணன். "நாளைக்குப் போய் எண்ணிக்கிட்டு வரட்டும். ஆளு இருந்தா நாளன்னிக்கி இருந்து கேட்டுல நிறுத்தறேன்."

நியாயம்தான். ஆனால் நாளைக்கு மயிலாத்தாளின் ஒன்பதில் முதல் நாள். படி இறங்கும்போது அவர் யாரிடம் என்றில்லாமல், நாளைக்கும் ஓட வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்.

புதன்கிழமை காலை ஆறரைக்குத் தோப்பில் நின்றேன். என்னோடு என் மொபெட்டும் நின்றது. பஸ் வந்து நிற்பதற்குள் படியிலிருந்து குதிக்க ஆரம்பித்தார்கள். சேலையைத் தூக்கிச் சொருகி, சோற்றுத் தூக்குப் போசியை இடுக்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பி ஓடினார்கள். ஐந்தைந்தாகக் கோடு போட்டேன். செருப்பு அறுந்த ஒரு பெண் இரண்டு செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடியதை இப்போது நினைத்தாலும் எனக்கு மூச்சு வாங்குகிறது. அத்தனை ஓட்டமும் என்னுடைய ஒரு வரியால். கூட்டுத்தொகை பூஜ்யம் என்றால் ஒன்று என்று வைத்துக்கொள்.

கடைசியாக மயிலாத்தாள் இறங்கினார். மொபெட்டைக் காட்டினேன். தயங்கினார். படியிலிருந்து காதர் பாய் குரல் கொடுத்தார். "ஏறுங்கக்கா. டிக்கெட் எடுத்துப் போற ஆளுதான், நம்பலாம்."

ஒருக்களித்து உட்கார்ந்தார். ஓடுகிற பெண்களை ஒவ்வொருவராகத் தாண்டினோம். என் மொபெட்டுக்கு அது ஒரு பெருமை. அதற்கு முன்னால் அது யாரையும் தாண்டியதில்லை.

"என்னைய எழுதிட்டீங்களா கண்ணு?" என்றார் பின்னாலிருந்து.

"எழுதிட்டேனுங்க. உங்களோட நாப்பத்தொன்னு."

"நாப்பத்திநாலு பேருங்க நாங்க. மூணு பேரு ஓட முடியாம வேலைக்கே வராம நின்னுட்டாங்க" என்றார்.

கேட்டுக்கு முப்பது அடி இருக்கும்போதே மேஸ்திரி படிப்பது கேட்டது. மயிலாத்தா என்று கூப்பிட்டார். நான் பிரேக் போடுவதற்குள், என் காதுக்குப் பக்கத்திலிருந்து, பொள்ளாச்சிக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல். "இருக்கறேனுங்க."

அன்று முழுக்க நான் கண்ணை மூடவில்லை. மூன்றரைக்கு ஷிப்டு முடிந்து அவர்கள் திரும்பிப் போனதையும் எண்ணினேன். மில் கேட் வரிசை அப்படியே பொள்ளாச்சிக்குப் போனது. வகுத்துப் பார்த்தால் பதினாலிலும் அதுதான் முதலில் நின்றது. அன்று ராத்திரியே பாரத்தை அண்ணனிடம் காட்டினேன்; வியாழக்கிழமையிலிருந்து பஸ் கேட்டில் நின்றது. மயிலாத்தாள் ஒன்பது நாளும் வேலை போட்டார் என்று மாதக் கடைசியில் காதர் பாய் போன் செய்து சொன்னார்.

ஆனால் நான் சொல்ல வேண்டியது வியாழக்கிழமை நடந்தது. மேடத்திடம் புதுப் பிரிண்டைக் கொடுத்தேன். பேரை ஐந்து எழுத்தாகக் குறைத்து, வாலுக்கு இடம் கண்டுபிடித்திருந்தேன். எண்பது எழுத்தில் சரியாக அடங்கியது. மூன்று எழுத்துதான், முதலிலேயே செய்திருக்கலாம். கூடவே என் பாரத்தையும் வைத்தேன். மேடம் வழக்கம்போல மூன்று வரிசையைக் கையால் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். எல்லாம் சரியாக வந்தது. பாரத்தைத் திருப்பியபோது, நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் நான் மெல்லிசாகப் போட்டிருந்த மூன்று கோடுகளைப் பார்த்துவிட்டார். எந்த வரிசையிலும் சேர்க்கத் தெரியாமல், அழிக்கவும் மனசில்லாமல் ஓரத்தில் விட்டிருந்தேன்.

பென்சிலை அதன்மேல் வைத்தார். "இது யாருங்க?"

சென்டரில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொல்வேன் என்று சிரிப்பதற்குத் தயாராகவே இருந்தார்கள்.

"பேரு தெரியலீங்க மேடம்" என்றேன்.

அவர் பாரத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "தெரிஞ்சுக்கிட்டு வாங்க" என்றார்.

மொபெட் சாவியை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.